புல்லுக்குத் துணை அவரை இனம்: கொறங்காடுகளில் சத்து பெருக்கும் முறை

மாடு வைத்திருக்கும் குடியானவருக்குப் பங்குனியும் சித்திரையுமே சோதனைக் காலம். ஐப்பசி மழையில் முழங்கால் உயரம் வளர்ந்த புல் அப்போது வைக்கோல் நிறமாகக் காட்டில் நின்றுகொண்டிருக்கும். மாடும் பகல் முழுவதும் அதில் வாய் வைத்துக்கொண்டே திரியும். ஆயினும் அதன் விலா எலும்பு நாளுக்கு நாள் வெளியே தெரியும், கறவை வற்றும், சினைமாடு நலியும். இந்நிலையில் பிண்ணாக்கும் தவிடும் வாங்கச் சங்கத்தை நாடிக் கடன் கேட்போர் சிலர். கடன்பட மனமில்லாதவர்கள் மாட்டைச் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். எல்லோரும் விற்கும் காலத்தில் என்ன விலை கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்து புல் துளிர்த்தபின் அதே குடியானவர் வேறொரு மாட்டைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். இவ்விரண்டு விலைகளுக்கும் இடையேயுள்ள தொகை, அவருடைய காட்டில் விளையாமற்போன சத்தின் விலையே ஆகும்.

வயிறு நிறையப் புல் இருந்தும் மாடு இளைப்பதற்குக் காரணம் என்ன, அக்குறையை மேய்ச்சற் காட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும் வழி யாது, அவ்வழியில் பெரும்பாலோர் தவறும் இடம் எது என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

கொறங்காட்டின் இயல்பு

காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் ஆகிய பக்கங்களில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர் அளவே. மண் பெரும்பாலும் ஆழமற்ற, சரளை கலந்த செம்மண். இத்தகைய நிலத்தை ஆண்டுதோறும் உழுது விதைத்து நட்டப்படுவதைவிடப் புல்லுக்கு விட்டுவிடுவது மேல் என்று முன்னோர்கள் கண்டார்கள். அவ்வாறு அமைந்ததே கொறங்காடு. கீழே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி என்னும் மூன்றும் சேர்ந்ததே அதன் உருவம். காங்கேயம் மாட்டினம் உரம் பெற்று வளர்ந்தது இக்காடுகளிலேதான்.

இவ்வமைப்பில் அவரை இனம் முன்பே இடம்பெற்றிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெள்வேல் அவரை இனத்தைச் சேர்ந்த மரமே. புல் காய்ந்துபோன கோடையில் அதன் காய்கள் உதிர்ந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகின்றன. புல்லுக்கு இடையே தானாகப் படரும் நரிப்பயறும் அவ்வினத்ததே. ஆனால் நரிப்பயறு ஒரு பருவம் மட்டுமே வாழும் செடி. அது பூத்துக் காய்த்து விதை சிந்துவதற்கு முன்பே மந்தை அதை மேய்ந்துவிட்டால், அடுத்த மழைக்கு முளைக்க மண்ணில் விதை இராது. இடைவிடாமல் மேய்க்கப்படும் காடுகளில் நரிப்பயறு அரிதாகிப் புல் மட்டும் நிற்பதற்கு இதுவே காரணம். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிச் சொல்லப்படுபவை எளிதில் விளங்கும்.

காய்ந்த புல்லில் இல்லாதது

மாட்டின் பெருவயிற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. நாரை உடைத்துச் சத்தாக்குபவை அவைதாம். அவை பெருகுவதற்குப் புரதம் வேண்டும். தீனியில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்குக்குக் கீழே புரதம் இறங்கிவிட்டால் அவை சோர்ந்துபோகின்றன. உடைபடாத நார் வயிற்றிலேயே தங்குகிறது. வயிறு காலியாகாமையால் மாடு மேலும் தின்பதில்லை. கோடையில் நிற்கும் முதிர்ந்த புல்லில் புரதம் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே இருக்கும். ஆகவே கண்ணுக்குப் புல் தெரிந்தாலும் மாட்டின் கணக்கில் அது பாதிப் பட்டினியே.

அவரை இனச் செடிகளின் இலையில் புரதம் நூற்றுக்கு 12 முதல் 18 பங்கு வரை இருக்கும். காய்ந்த புல்லோடு இவ்விலை சிறிது கலந்தாலும் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஊக்கம் பெற்று அப்புல்லையும் சேர்த்துச் செரிக்கச் செய்கின்றன. பிண்ணாக்கு செய்யும் வேலையும் இதுவே. ஒன்று கடையிலிருந்து வருகிறது. மற்றொன்று காட்டிலேயே விளைகிறது.

வேர் முண்டுகளின் வேலை

அவரை இனத்துக்கு மட்டும் இச்சிறப்பு எவ்வாறு வந்தது? நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் ஆகும். அதுவே பயிருக்கு வேண்டிய தழைச்சத்தின் மூலம். ஆயினும் எந்தப் புல்லும் அதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக்கொள்ள இயலாது. அவரை இனச் செடிகளோ தம் வேர்களில் ஒருவகைப் பாக்டீரியாக்களுக்கு இடங்கொடுத்து, சர்க்கரையை உணவாக அளித்து, அவை காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்தைப் பெற்றுக்கொள்கின்றன. வேர்களில் சிறு முண்டுகளாகத் தெரிபவை அப்பாக்டீரியாக்களின் வீடுகளே. 1886ஆம் ஆண்டில் ஹெல்ரீகல் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி இவ்வுண்மையைப் பரிசோதனைகளால் நிலைநாட்டினார்.

இதைச் சரிபார்க்கக் கருவி ஏதும் வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வேரை நீரில் அலசி, முண்டு ஒன்றை நகத்தால் பிளந்து பார்க்கலாம். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

ஒரு டன் காய்ந்த அவரைத் தழை உண்டாகும்போது சுமார் 20 முதல் 25 கிலோ வரை தழைச்சத்து காற்றிலிருந்து நிலத்துக்கு வருவதாகக் கணக்கிடுகிறார்கள். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் உள்ள தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ. அஃதாவது ஒரு டன் தழைக்கு ஒரு மூட்டை யூரியா கூலியின்றி வந்து சேருகிறது எனலாம்.

ஆனால் இச்சத்து அன்றைக்கே பக்கத்துப் புல்லுக்குப் போய்விடுவதில்லை. உதிர்ந்த இலையும் இற்ற வேரும் மண்ணில் மக்கிய பிறகே புல்லுக்குக் கிடைக்கிறது. மேய்ந்த மாட்டின் சாணமும் மூத்திரமும் மற்றொரு வழி. தின்ற தழைச்சத்தின் பெரும்பகுதியை மாடு நிலத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே முதலாண்டில் பலன் தெரியவில்லை என்று மனந்தளரலாகாது. மூன்றாம் ஆண்டிலேதான் புல்லின் நிறத்தில் வேறுபாடு தோன்றும்.

மண்ணுக்கேற்ற செடி

நீர் வடியும் செம்மண்ணுக்கும் சரளைக்கும் முயல் மசால் ஏற்றது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி பல ஆண்டு நிலைக்கும், வறட்சியைத் தாங்கும், சத்துக் குறைந்த மண்ணிலும் பிழைக்கும். மேய்ச்சல் தொடர்ந்தால் தாழக் கிளைத்துப் படருவதால், மாட்டின் வாய்க்கு எட்டாமல் தரையையொட்டிச் சில மொட்டுகள் எப்போதும் தப்பி நிற்கும். மேய்ச்சலைத் தாங்கும் வலிமை இதற்கு வந்தது அதனாலேயே.

சிராட்ரோ என்னும் கொடி, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இனக்கலப்பால் உண்டாக்கி 1960ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது புல்லின்மேல் ஏறிப் படரும். அதன் வளரும் நுனிகள் மேலே இருப்பதால் கடும் மேய்ச்சலில் அவை முதலிலேயே கடிபட்டுக் கொடி மெலிந்துபோகும். அளவாக மேய்ப்பவர்களுக்கே அது உதவும்.

கரிசலிலும் களிமண்ணிலும் முயல் மசால் செழிப்பதில்லை. அங்கே சங்குப்பூக் கொடி நன்றாக வரும். வேலி மசாலைக் கட்டுத்தரைக்கு அறுத்துப் போடும் தீனியாகத் தனிப் பாத்தியில் வளர்ப்பது நலம். குதிரை மசால் நீர்ப்பாய்ச்சல் உள்ள நல்ல நிலத்துக்குரியது, கொறங்காட்டுக்கு ஆகாது.

மணிச்சத்தின் அவசியம்

தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கும் செடிக்கும் மணிச்சத்து மண்ணிலிருந்தே வர வேண்டும். மணிச்சத்து இல்லையேல் வேர் முண்டுகள் சிறுத்து வேலை குன்றும். முயல் மசாலுக்கு ஹெக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்து இடுவது பரிந்துரை. ஏக்கர்க் கணக்கில் இது 24 கிலோ. சூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டையில் மூன்று ஆகும். அவ்வுரத்தில் கந்தகச் சத்தும் சேர்ந்திருப்பது கூடுதல் லாபம். முதலில் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதன் முடிவுக்கேற்ப அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது சிக்கனம். யூரியாவை மட்டும் தாராளமாக வீசுவது தவறு. அதனால் புல் எழுந்து இளஞ்செடிகளின்மேல் நிழல் கட்டிவிடும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மணிச்சத்து இல்லாத மண்ணிலும் முயல் மசால் ஒருவாறு வளர்ந்துவிடும். ஆனால் அதன் இலையிலும் மணிச்சத்து குறைவாகவே இருக்கும். மேயும் மாடு எலும்பையும் கந்தலையும் தேடிக் கடிக்கத் தொடங்கினால் அக்குறையை ஐயுற வேண்டும். கால்நடை மருத்துவரைக் கலந்து தாது உப்புக் கலவை கொடுப்பது தக்கது.

விதைக்கும் முறை

ஆடி, ஆவணி மாதங்களில் விதைக்கப்போகும் பகுதியில் மாட்டை விட்டுப் புல்லைத் தாழ மேயச் செய்க. பின்னர் ஏரை ஆழமின்றி ஓட்டியோ முள் இழுத்தோ மேல்மண்ணைக் கீறிவிடுக. புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை இறங்கியதும் விதைக்கலாம். கைவிதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோவும், வரிசை விதைப்புக்கு இரண்டரைக் கிலோவும் போதும். புதிதாகப் புல்லும் சேர்த்து விதைப்பவர்கள் புல் மூன்று வரிசைக்கு முயல் மசால் ஒரு வரிசை என்ற கணக்கில் விதைக்கலாம். விதை மிகச் சிறியது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் விழுந்தால் மேலே வராது.

முயல் மசால் விதையின் தோல் தடித்தது. அப்படியே விதைத்தால் பெரும்பகுதி அந்த ஆண்டில் முளைக்காது. 80 டிகிரி சூடுள்ள நீரில் நான்கைந்து நிமிடம் வைத்து வடித்து, பின் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். கொதிக்கும் நீரையே ஊற்றினால் கரு வெந்துபோகும். முதலில் நூறு விதைகளை மட்டும் இவ்வாறு செய்து ஈரச் சாக்கில் முளைக்கவைத்துப் பார்த்த பிறகே முழு விதையையும் எடுப்பது அறிவுடைமை. அன்றியும், விதையில் கால்பங்கை இவ்வாறு பக்குவம் செய்யாமல் கலந்துகொள்வது நலம். மழை ஏமாற்றிவிட்டால் முளைத்தவை மடிந்தாலும், முளைக்காத விதை மண்ணில் காத்திருந்து மறு மழைக்கு எழும்.

தட்டைப்பயறோ நிலக்கடலையோ முன்பு விளைந்த நிலமாயின் அங்குள்ள பாக்டீரியாக்களே முயல் மசாலின் வேரிலும் பெரும்பாலும் குடியேறிவிடும். அவ்வாறு விளையாத நிலத்துக்கு ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய விதையில் கலந்து விதைக்கலாம்.

படலை மூடும் காலம்

விதையும் உரமும் பணத்தால் கிடைப்பவை. இனிச் சொல்லப்படுவது பணத்தால் கிடைக்காதது. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான்.

நான்கு ஏக்கர் கொறங்காடு உடைய ஒருவர் கடன் பெற்று நான்கு ஏக்கரிலும் ஒரே மழையில் விதைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கார்த்திகையில் செடி விரலளவு எழுகிறது. மாடுகளை விட வேறு இடமில்லாமையால் மார்கழியிலேயே படலைத் திறக்கிறார். இளஞ்செடிகள் புல்லோடு பறிபட்டுப்போகின்றன. பூ இல்லை, விதை இல்லை. அடுத்த ஐப்பசியில் காட்டில் பழைய புல்லே நிற்கிறது. செடி போயிற்று, கடனும் வட்டியும் மட்டும் நிற்கின்றன. இச்செடி நம் மண்ணுக்கு ஆகாது என்று அவர் சொல்லுவார். அண்டை வீட்டாரும் நம்புவார். உண்மையில் மண்ணின்மேல் குற்றமில்லை.

அதே மனிதர் காட்டை நான்காகப் பிரித்து ஆண்டுக்கு ஓர் ஏக்கர் விதைத்திருந்தால் மூன்று ஏக்கர் மாட்டுக்கு இருந்திருக்கும். விதைத்த ஏக்கரைப் பூத்து விதை உதிரும் வரையில், அஃதாவது தை முடியும் வரையில், மூடிவைத்திருக்க இயலும். புல் செடியை மூடும்படி உயர்ந்தால் மட்டும் ஓரிரு நாள் மாட்டை விட்டு நுனிப்புல்லை மேயச் செய்து உடனே வெளியேற்றிவிடலாம். இரண்டாம் ஆண்டு முதல் அப்பகுதியை மேய்க்கலாம். எனினும் ஆண்டுக்கு ஒருமுறை விதைக் காலத்தில் ஓய்வு தர வேண்டும்.

இதற்கு இயற்கையும் துணை செய்கிறது. மழை தொடங்கியதும் பச்சைப்புல் இனிப்பாக இருப்பதால் மாடு அதையே நாடி முயல் மசாலை அதிகம் தொடாது. புல் முதிர்ந்த பின்னரே மசால் பக்கம் திரும்பும். ஆதலால் மழைத் தொடக்கத்தில் மேய்த்து, பூக்கும் காலத்தில் மூடி, விதை உதிர்ந்தபின் கோடைக்குத் திறப்பது முறை. கோடையில் மசாலின் இலை சிறிது உதிர்ந்தாலும் தண்டும் எஞ்சிய இலையும் காய்ந்த புல்லுக்குத் துணையாகும்.

மிஞ்சினாலும் கேடு உண்டு. புல்லை மட்டும் ஓயாமல் மேயவிட்டால் மசால் மேலோங்கிப் புல் அற்றுப்போகும். மண்ணைப் பிடித்துவைப்பது புல்லின் வேரே. அது போனால் மழைநீர் மேல்மண்ணை அடித்துச்செல்லும். காட்டில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அவரை இனம் நின்றால் போதுமானது.

ஆஸ்திரேலியா கற்ற பாடம்

வடக்கு ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் என்னும் துறைமுகப் பட்டினத்தின் சுற்றுப்புறத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முயல் மசாலின் ஒரு வகை தானாகவே பரவிக் காணப்பட்டது. யாரும் திட்டமிட்டுக் கொண்டுவந்ததன்று. சத்தற்ற மண்ணில் அது மாடுகளைக் கோடையில் காப்பாற்றுவதைக் கண்டு, மாட்டுப்பண்ணைக்காரர்கள் பரந்த நிலங்களில் அதை விதைத்தார்கள். 1970களில் இலைக்கருகல் நோயைப் பரப்பும் ஒரு பூஞ்சாளம் அதைத் தாக்கியது. ஒரே வகையையே நம்பி நின்ற மேய்ச்சல் நிலங்கள் சில ஆண்டுகளுக்குள் அதை இழந்தன. நோயைத் தாங்கும் வேறு வகைகளான செக்கா, வெரானோ முதலியவற்றைக் கொண்டே அந்நிலங்கள் மீண்டன.

இதனால் நமக்கு விளங்குவது யாதெனில், ஒரே செடியை நம்பலாகாது என்பதே. முயல் மசாலோடு நரிப்பயற்றையும் காப்பாற்றுக, மண்ணுக்கேற்பச் சங்குப்பூவையும் சேர்க்க, வெள்வேலை வெட்டாதிருக்க. நாலு வகை நின்றால் ஒன்று போனாலும் மூன்று நிற்கும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

இவற்றுள் சிலவற்றைத் தனி அங்கத்தினர் செய்வதைவிடச் சங்கம் செய்வது எளிது. நம்பத்தக்க விதையை மொத்தமாக வாங்கி, முளைப்புத் திறனைப் பார்த்தபின் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஒருவர் காட்டில் விளைந்த விதையைச் சேகரித்து அடுத்தவருக்குக் கடனாகத் தந்து, மறு பருவத்தில் விதையாகவே திரும்பப் பெறலாம். மேய்ச்சற் காட்டுக்காகக் கடன் கேட்போரிடம், எத்தனை ஏக்கர் விதைக்கிறார் என்று மட்டும் கேளாமல், விதைத்த இடத்தை மூடிவைக்கும் நாட்களில் மாடுகள் எங்கே மேயும் என்றும் கேட்பது சங்க நிர்வாகிகளின் கடமை. அதற்கு விடை இல்லாதவருக்கு ஓர் ஏக்கருக்கு மேல் கடன் கொடுப்பது அவருக்கே தீங்கு.

வேலி பழுதுபட்ட காடுகளில் முதற்செலவு வேலிக்கே ஆக வேண்டும். கிளுவைப் போத்துகளை மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றி இடைவெளிகளை அடைக்கலாம். அண்டைக் காட்டார் இருவர் ஒரே வேலியைச் சேர்ந்து செப்பனிட்டால் செலவு பாதியாகும். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் விதைப்பதென்றால் ஒருவர் மூடினாலும் மற்றவர் திறந்துவிடுவார். ஆதலின் எந்தப் பகுதி எந்த மாதத்தில் மூடப்படும் என்று மாடுடையார் அனைவரும் கூடி முடிவு செய்து, ஊராட்சியின் இசைவையும் பெற்ற பிறகே விதையை வாங்க வேண்டும். ஆடு மேய்ப்போரை அக்கூட்டத்துக்கு அழையாமல் செய்யும் முடிவு நிலைக்காது. அவர்களுக்கும் கோடை உண்டு. அவர்களுடைய ஆடுகளும் அம்மசாலைத் தின்று பிழைக்க வேண்டியவையே.

காற்றில் உள்ள தழைச்சத்துக்கு விலை இல்லை. அதைப் பிடித்துத் தரும் செடிக்கு வேண்டியவை சிறிது மணிச்சத்தும் ஆண்டில் இரண்டு மூன்று மாத ஓய்வுமே. பூத்த செடி விதை சிந்தும்வரை படலைக் கட்டிவைக்கும் பொறுமை இருந்தால், பங்குனியில் மாட்டைச் சந்தைக்கு ஓட்டும் வழக்கம் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். இவ்வாண்டு ஓர் ஏக்கரில் தொடங்கிப் பார்ப்பது அங்கத்தினர் ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய காரியமே.